எத்தனை மணி நேரம் ஆச்சு?

ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும் வழியில், தேவிபட்டினம் தாண்டிச் சற்று தூரத்தில், பின் சீட்டிலிருந்து "அப்பா, வயித்தப் பொரட்டுது" என்றாள் மகள். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். வண்டியை ஓரங்கட்டுவதற்குள் வாந்தி. கதவைத் திறந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருக்கும்போதே எனக்கும் நாக்கடியில் எச்சில் ஊற ஆரம்பித்தது. ஐந்து நிமிடத்தில் நானும் ஒரு கருவேல மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மணி நாலு. மே மாத வெயில்.

நான் திருச்சியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவன். சாப்பாடு உடம்புக்குள் போய் என்ன ஆகிறது என்பதை வருடா வருடம் நூற்றைம்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன். அந்த மரத்தடியில் அதெல்லாம் ஞாபகத்துக்கு வரவில்லை. ஞாபகத்துக்கு வந்தது ஒன்றுதான்: அம்மாவுக்கும் என் மனைவிக்கும் ஒன்றுமே ஆகவில்லை.

அம்மா கண் பட்டுவிட்டது என்றார். மனைவி கோயில் வாசலில் பிள்ளைக்கு வாங்கிக்கொடுத்த குச்சி ஐஸைச் சொன்னாள். நான் இருபத்திரண்டு தீர்த்தத்தில் ஏதோ ஒன்றைச் சந்தேகப்பட்டேன். ஆனால் தீர்த்தமாடியது நான்கு பேரும். ஐஸ் தின்றது பிள்ளை மட்டும். இரண்டுமே கணக்குக்கு உதவவில்லை. அதற்குமேல் யோசிக்க வயிறு விடவில்லை. மனைவி ஸ்டீயரிங்கைப் பிடித்தாள்.

அடுத்த ஊரில் ஒரு மெடிக்கல் ஷாப். ஓஆர்எஸ் கேட்டதற்கு ஆரஞ்சு படம் போட்ட டெட்ரா பாக்கெட் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். குடித்துப் பார்த்தேன், பாயசம் போலத் தித்தித்தது. "இது வேணாம், பவுடர் பாக்கெட் கேளு, உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு மேல போட்டிருக்கும்" என்று திருப்பி அனுப்பினேன். வாந்தியும் பேதியுமாக இருக்கும்போது சர்க்கரை அளவுக்கு மீறினால் அது குடலில் இருந்துகொண்டு உடம்பின் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். போகிற தண்ணீர் இன்னும் போகும்.

சர்க்கரையே எதற்கு, உப்புத் தண்ணீர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சிறுகுடலின் சுவரில் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. உப்பிலுள்ள சோடியமும் சர்க்கரையிலுள்ள குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் அது உள்ளே விடும், தனியாக வந்தால் விடாது. இரண்டும் போனால் பின்னாலேயே தண்ணீர் போகும். 1960-ல் பிராகில் நடந்த ஒரு கூட்டத்தில் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் இந்த ஜோடிக் கணக்கை முன்வைத்தார். 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் வந்து குவிந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில், ஊசிவழி ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோசையும் தண்ணீரில் கலந்து டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். காலராவில் நூற்றுக்கு முப்பது பேர் போலச் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நான்குக்கும் கீழே இறங்கியது. வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்தும்போது எனக்கு இப்போதும் தொண்டை கட்டும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு முழு பாக்கெட். அரை டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்குவது பெரிய தப்பு, உப்பு ஏறிப்போகும். பாக்கெட் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு டம்ளரை நீட்டக்கூடாது. ஒரு ஸ்பூன், இரண்டு நிமிடம் பொறுத்து இன்னொரு ஸ்பூன். அம்மா அந்த வேலையை எடுத்துக்கொண்டார். தேவகோட்டை வரைக்கும் ஸ்பூனும் கையுமாக உட்கார்ந்து, "குடிடி தங்கம், அப்பாயி சொன்னா கேப்பேல்ல" என்று ஊட்டிக்கொண்டே வந்தார். புதுக்கோட்டையில் பிள்ளை ஒன்றுக்குப் போனாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஆறேழு மணி நேரம் சிறுநீரே போகாமல், கண் குழிந்து, பிள்ளை துவண்டு கிடந்தால் வீட்டு வைத்தியம் முடிந்தது என்று அர்த்தம், நேராக ஆஸ்பத்திரி. மலத்தில் ரத்தம் வந்தாலும் அப்படியே.

மறுநாள் காலை இருவரும் தெளிந்துவிட்டோம். அம்மா மிளகு ரசம் வைத்துக்கொண்டிருந்தார். நான் சமையல்கட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்டேன்.

"நேத்து சாதம் எத்தனை மணிக்கு வடிச்ச?"

"நாலுக்கு உலை வச்சேன். நாலரை."

"எல்லாம் ஒரே சாதமா?"

"பின்ன? ஒரே உலைதான். தாம்பாளத்துல கொட்டி, நல்லெண்ணெய் விட்டு ஆறவச்சேன். முக்காவாசியப் புளிக்காய்ச்சல்ல கெளறினேன். புள்ள காரம் திங்காதேன்னு மிச்சத்துல பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைஞ்சு ஹாட்பாக்ஸ்ல வச்சேன். சூடா இருக்கட்டும்னுதான்டா."

புளியோதரையை நாங்கள் பெரியவர்கள் மூவரும் சாப்பிட்டோம். பருப்புச் சாதம் பிள்ளைக்கு மட்டும். ஆனால் அவள் பாதியில் வைத்த மிச்சத்தை வழித்துச் சாப்பிட்டவன் நான். அப்பன்மார் செய்கிற வேலைதானே. சாப்பிட்டபோது மணி ஒன்றரை. வாந்தி நாலுக்கு. இரண்டரை மணி நேரம்.

ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே கை. புளி போட்டது ஒன்று, போடாதது ஒன்று. இதைவிடச் சுத்தமான பரிசோதனையை நான் ஆய்வகத்தில்கூடச் செய்ததில்லை.

அந்த வாரமே ஆய்வகத்திலிருந்து ஒரு தெர்மாமீட்டரையும் புளிப்பை அளக்கக் கொஞ்சம் பிஎச் தாளையும் வீட்டுக்கு எடுத்துவந்தேன். அம்மாவிடம் சொல்லி அதேபோலச் சாதத்தைத் தாம்பாளத்தில் ஆறவைத்து, பிசைந்து, அதே ஹாட்பாக்ஸில் போடச் சொன்னேன். போடும்போது 46 டிகிரி செல்சியஸ். மூன்று மணி நேரம் கழித்து 42. ஆறு மணி நேரம் கழித்து 38. பகல் ஒன்றரைக்கு 36. எனக்குச் சிரிப்பு வந்தது. கல்லூரியில் என் அறைக்கு இரண்டு கதவு தள்ளி நுண்ணுயிரியல் துறையின் இன்குபேட்டர் நிற்கிறது. பாக்டீரியா நன்றாக வளரட்டும் என்று அதை 37 டிகிரியில் வைத்திருப்பார்கள். அதற்கு லட்சக்கணக்கில் விலை. நாங்கள் பாத்திரக்கடையில் அறுநூறு ரூபாய்க்கு வாங்கியது அதே வேலையைச் செய்கிறது.

ஹாட்பாக்ஸ் எதையும் சூடாக்காது. போட்ட சூட்டை மெதுவாக இறங்கவிடும், அவ்வளவுதான். ஆவி பறக்கப் போட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள், 60 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் சாப்பிட்டுவிட்டால் அது நல்ல பாத்திரம். ஆறவைத்ததைப் போட்டுப் பகல் முழுக்க மூடிவைத்தால் கிருமிக்குக் கட்டில் போட்டுப் போர்வை போர்த்திய மாதிரி.

கிருமியின் பெயர் பேசில்லஸ் சீரியஸ். மண்ணில் வாழ்வது, நெல்லோடு வந்து அரிசியில் ஒட்டியிருக்கும். கொதிக்கும் உலையில் கிருமி சாகும், அதன் வித்து சாகாது. சாகாதது மட்டுமல்ல, அந்தச் சூடுதான் வித்தைத் தட்டி எழுப்புகிறது. சாதம் இளஞ்சூட்டுக்கு வந்ததும் முளைக்கும். போட்டியாக வேறு கிருமி எதுவும் இல்லை, எல்லாம் உலையில் செத்துவிட்டன. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்தால் ஆறு மணி நேரத்தில் பதினெட்டு இரட்டிப்பு. ஒன்று 2,62,144 ஆகிவிடும். இங்கிலாந்தில் 1970களின் தொடக்கத்தில் சீன உணவகங்களில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவர்கள் வரிசையாக வாந்தி எடுத்தபோதுதான் இதன் சோற்றுத் தொடர்பு வெளியே தெரிந்தது. அங்கே சாதத்தை முதல்நாளே வடித்து வெளியில் வைத்துவிட்டு, ஆர்டர் வந்ததும் வாணலியில் புரட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

புரட்டினால் கிருமி சாகாதா? சாகும். நம் வீடுகளில் எல்லோரும் நம்பியிருக்கும் "சுட வச்சா சரியாயிடும்" என்பது உடைந்துபோகிற இடம் இதுதான். வாந்தியை உண்டாக்குவது கிருமியே இல்லை. அது சோற்றில் விட்டுவைத்த நஞ்சு. அதன் பெயர் சீரியூலைடு. பன்னிரண்டு துண்டுகள் கோத்த ஒரு சின்ன வளையம். புரதம்போல நீளமாக மடிந்து கிடந்தால் சூட்டில் குலைந்துபோகும். இது இறுக மூடிய வளையம் என்பதால் 121 டிகிரியில்கூடக் குலைவதில்லை. குக்கரில் நாலு விசில் விட்டாலும் அப்படியே இருக்கும். வயிற்று அமிலமும் அதை ஒன்றும் செய்யாது. பொட்டாசியத்தை மடியில் கட்டிக்கொண்டு செல்லின் சவ்வைக் கடந்துவிடும். செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் மின்கணக்கையே குலைக்கும். முதுகலை வகுப்பில் இதே வேலையைச் செய்யும் வாலினோமைசின் என்று ஒன்றை இருபது வருடமாக நடத்துகிறேன். சீரியூலைடு அதன் தம்பி மாதிரி. அண்ணனைக் கரும்பலகையில் வரைந்துகொண்டே இருந்தவனுக்குத் தம்பி தன் வீட்டு ஹாட்பாக்ஸில் குடியிருந்தது தெரியவில்லை.

பெரும்பாலானவர்களுக்கு இது ஒரு நாளில் அடங்கிவிடும். அரிதாக ஈரலைத் தாக்கும். பெல்ஜியத்தில் 2008-ல், ஐந்து நாள் வெளியே கிடந்த ஸ்பகெட்டியைச் சுடவைத்துச் சாப்பிட்ட இருபது வயது மாணவர் ஒருவர் மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சூடு எல்லாவற்றையும் மன்னித்துவிடாது என்பதற்காக.

நுண்ணுயிரியல் துறை மேடத்திடம் இந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "மாதிரி எங்க சார்?" என்றார்.

"அம்மா அன்னிக்கே பாத்திரத்தக் கழுவிட்டாங்க மேடம்."

"அப்போ அது ஸ்டஃபைலோகாக்கஸா இருந்தாலும் இருக்கும். கையால பிசைஞ்சிருக்காங்க. விரல்ல வெட்டுக்காயம் இருந்துச்சா? அதோட நஞ்சும் சூட்டுக்குச் சாகாது, நேரமும் ஒத்துப்போகுது."

ஸ்டஃபைலோகாக்கஸ் என்பது தோலிலும் புண்ணிலும் குடியிருக்கும் கிருமி. அவர் சொன்னது சரி. காய் நறுக்கும்போது அம்மாவின் ஆள்காட்டி விரலில் கீறல் விழாத வாரம் கிடையாது. எது என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. எதுவாக இருந்தாலும் அதற்கு இடம் கொடுத்தது ஒன்பது மணி நேரமும் அந்த வெதுவெதுப்பும். விரலில் காயம் இருந்தால் கையால் பிசையாமல் கரண்டியால் கலப்பது என்று ஒரு விதி மட்டும் வீட்டுக்கு வந்தது.

பிஎச் தாள் விஷயத்துக்கு வருகிறேன். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். அம்மாவின் புளியோதரையில் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கரைத்துத் தாளை நனைத்தால் நிறம் நாலைக் காட்டியது. வெறும் சாதம் ஆறுக்கு மேல். தேங்காய்ச் சாதமும் அங்கேயேதான். எலுமிச்சைச் சாதம் பிழிந்த கையைப் பொறுத்தது. அம்மா பிழிந்தது நாலரை, நான் பிழிந்தது ஐந்தைத் தாண்டியது. நாலரைக்குக் கீழே போய்விட்டால் பேசில்லஸ் சீரியஸ் பெரும்பாலும் தலையெடுக்காது. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், கொதித்தாலும் ஆவியாகிப் போகாது. உப்பும் எண்ணெயும் கூடச் சேர்கின்றன. வெளியூர்ப் பயணத்துக்குப் புளிச்சோறு கட்டிய பாட்டிகள் யாரிடமும் பிஎச் தாள் இல்லை. எந்தச் சோறு ஊசிப்போகிறது, எது போகவில்லை என்று பார்த்துப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்கள். கட்டுச்சோற்றுக்குத் தேங்காய்ச் சாதம் கிளறக் கூடாது என்பார் அப்பாவைப் பெற்ற அப்பாயி. "ஏன்" என்று கேட்டால் "நூல் விடும்" என்பார். அவ்வளவுதான் விளக்கம், அதுவே போதும்.

தயிர்ச்சோறு இன்னும் அழகு. பயணத்துக்கு என்றால் சாதத்தில் பாலை ஊற்றிக் குழையப் பிசைந்து, ஒரே ஒரு கரண்டி தயிர் விடுவார்கள். போகப் போக அது தயிராகும். அதாவது கெட்ட கிருமி குடியேறுவதற்குமுன் நல்ல கிருமியை இடம் பிடிக்கவைக்கிற வேலை. நான் இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் குறிப்பெடுக்கிறார்கள். வீட்டில் சொன்னால் "இதக்கூடவா படிச்சாங்க" என்கிறார் அம்மா.

ஆனால் பழசு என்றாலே அமிர்தம் என்று ஆடுகிற ஆட்டத்திலும் எனக்கு உடன்பாடில்லை. பழைய சோற்றைப் பற்றி வருடத்துக்கு நாலு முறையாவது ஒரு வாட்ஸ்அப் செய்தி வரும்: 100 கிராம் சாதத்தில் 3.4 மில்லிகிராமாக இருந்த இரும்புச்சத்து, ஒரு ராத்திரி ஊறியதும் 73.91 மில்லிகிராம் ஆகிவிடுகிறதாம். இரும்பு ஒரு தனிமம். சூரியனைவிடப் பெரிய நட்சத்திரங்களின் வயிற்றில் உண்டாவது. மண்பானையில் பாக்டீரியா அதை உற்பத்தி செய்தால் நமக்கு சேலம் உருக்காலை தேவைப்பட்டிருக்காது. புளிக்கும்போது நடப்பது வேறு: தானியத்தில் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலம் உடைகிறது, அதனால் இருக்கிற இரும்பில் உடம்பு கூடக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். இருக்கிறதிலிருந்துதான். பழைய சோறு நல்ல சாப்பாடு, நான் வாரம் மூன்று நாள் சின்ன வெங்காயத்தோடு சாப்பிடுகிறேன். அதற்குப் பொய்க் கணக்கு எதற்கு?

அதிலும் நேரம் இருக்கிறது. மத்தியானம் வடித்த சாதத்தை ராத்திரி ஒன்பது மணிக்கு, "மிஞ்சிப்போச்சே" என்று தண்ணீர் ஊற்றி வைப்பது எங்கள் வீட்டு வழக்கமாக இருந்தது. அந்த எட்டு மணி நேரத்தில் என்ன நடந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. பிறகு புளித்து அமிலம் ஏறினாலும் ஏற்கெனவே உண்டான நஞ்சை அது துடைக்காது. இப்போது ராத்திரி வடித்த சாதத்தில், கை பொறுக்கும் சூடு வந்ததுமே தண்ணீர் ஊற்றுகிறோம். கூடவே முதல்நாள் நீராகாரத்தில் ஒரு கரண்டி. உறை மோர் போல.

மிஞ்சிய சாதத்தைப் பிரிட்ஜில் வைப்பதிலும் நாங்கள் தப்பு செய்துகொண்டிருந்தோம். பிரிட்ஜ் கெட்டுப்போகும் என்று முழுக்க ஆறும்வரை வெளியே வைப்போம். அது நாலு மணி நேரம். அல்லது பெரிய குண்டானோடு உள்ளே தள்ளுவோம். தெர்மாமீட்டரை நடுவில் குத்திப் பார்த்தேன், வெளிச்சோறு சில்லென்றிருக்க, நடுச்சோறு மூன்று மணி நேரம் கழித்தும் வெதுவெதுப்பாகவே இருந்தது. இப்போது தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வைத்து, ஆவி அடங்கியதும் சின்னச் சின்ன டப்பாவில் போட்டு உள்ளே. வடித்ததிலிருந்து அதிகபட்சம் இரண்டு மணி நேரம். மறுநாளோடு தீர்த்துவிடுவோம். பால், மாவு எல்லாம் உள்தட்டில். கதவுத் தட்டு பிரிட்ஜிலேயே சூடான இடம், அங்கே ஊறுகாயும் ஜாமும் போதும். கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்கக் கூடாது என்று மகளுக்கு ஒரு சட்டம். அவள்தான் அதிகம் மீறுகிறவள்.

இதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் நான் என்ன வேலை என்று தெரிந்துகொண்டு, "சார், இது நல்லதா, கெட்டதா?" என்று கேட்டால், "எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்று திருப்பிக் கேட்கிறேன். சாப்பாட்டில் கெட்டது என்பது பெரும்பாலும் பொருளில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது.

எங்கள் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் ஒரு பெண் இருந்தாள். ஆறு மாதமாக இரும்பு மாத்திரை போடுகிறாள், ஹீமோகுளோபின் 9.4-ஐ விட்டு நகரவில்லை. நிறைய காரணம் இருக்கலாம், டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதேச்சையாகக் கேட்டேன், மாத்திரையை எதோடு போடுகிறாய் என்று. "டீயோடதான் சார். தண்ணியில போட்டா கொமட்டுது." டீயின் துவர்ப்புச் சேர்மங்கள் குடலுக்குள் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும், சாப்பாட்டோடு டீ குடித்தால் காய்கறி, தானியத்திலிருந்து கிடைக்கும் இரும்பில் பாதிக்கும் மேல் வீணாகிறது. டீயை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு மணி நேரம் தள்ளிக் குடி, மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு போடு என்றேன். டாக்டர் மாத்திரையையும் மாற்றிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் 11.2. எது வேலை செய்தது என்று கேட்காதீர்கள், இரண்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 2019-21 சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காலை இட்லிக்குப் பின்னாலேயே டீ டம்ளரை நீட்டும் ஊர் இது.

பிளாஸ்டிக் அரிசியைப் பற்றியும் கேட்பார்கள். சோற்றை உருண்டை பிடித்துத் தரையில் அடித்தால் பந்துபோல எகிறுகிற வீடியோ. வெந்த மாவுச்சத்து ஒன்றோடொன்று பின்னிப் பசையாகும், இறுக்கி உருட்டினால் எகிறத்தான் செய்யும். நம் வீட்டுப் பொன்னி அரிசியும் எகிறும், நான் எகிறவைத்துக் காட்டியிருக்கிறேன். ஒரு கிலோ பிளாஸ்டிக், ஒரு கிலோ அரிசியைவிட விலை அதிகம் என்று சொன்னால் மட்டும் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள்.

இல்லாத பிளாஸ்டிக்குக்குப் பயப்படுகிறவர்கள், கண்ணெதிரே இருக்கும் பூஞ்சைக் கடலைக்குப் பயப்படுவதில்லை. சித்தப்பா ஊரிலிருந்து ஒரு ஐப்பசியில் இரண்டு மூட்டை நிலக்கடலை அனுப்பினார். செக்கில் ஆட்டிக்கொள்ளச் சொல்லி. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதால் காயாமலே மூட்டை கட்டியிருக்கிறார்கள். நன்றாகக் காய்ந்த கடலையைக் காதருகே வைத்துக் குலுக்கினால் கலகல என்று பருப்பு உள்ளே ஆடும். இது மந்தமாக இருந்தது. உடைத்து முறத்தில் கொட்டினோம். சுருங்கியது, கருத்தது, பருப்பின் மூக்கருகே மஞ்சள்பச்சையாகத் தூள் படிந்தது. அம்மா முந்தானையால் அந்தத் தூளைத் துடைத்து, "வறுத்தா சரியாயிடும்" என்று நல்லதோடு சேர்த்தார்.

மறுபடியும் அதே வாக்கியம்.

அந்த மஞ்சள்பச்சை, ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையாக இருக்கலாம். அது விடும் அஃப்ளடாக்சினை வறுவல் சட்டியின் சூடு முழுதாக அழிக்காது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. என்ன நோய் என்று தெரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். கடைசியில் தீவனத்தில் போட்ட கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. விந்தை என்னவென்றால் அஃப்ளடாக்சின் உள்ளே போகும்போது அவ்வளவு கொடியதில்லை. அதை வெளியேற்றலாம் என்று ஈரல் ஒரு ஆக்சிஜனை ஒட்டவைக்கிறது. அப்போதுதான் அது டிஎன்ஏவில் போய்க் கடிக்கிற உருவம் எடுக்கிறது. வருடக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய், அதிலும் மஞ்சள் காமாலை பி வைரஸ் உள்ளவர்களுக்குப் பல மடங்கு. அதனால்தான் உணவுப் பாதுகாப்புச் சட்டம் நேரடியாகச் சாப்பிடும் கடலையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

செக்கெண்ணெய்ப் பிரியர்கள் கோபித்துக்கொள்ளும் ஒரு விஷயம்: ஆலையில் சுத்திகரிக்கும்போது காரம் சேர்ப்பதிலும் வெளுப்பதிலும் அஃப்ளடாக்சின் போய்விடும். செக்கில் அந்த வடிகட்டல் கிடையாது. பெரும்பகுதி புண்ணாக்கோடு நின்றுவிடும் என்றாலும் ஒரு பங்கு எண்ணெயில் இறங்கும். ஆகவே செக்கெண்ணெய் நல்லதா என்றால், ஆட்டக் கொடுத்த கடலை நல்லதா என்பதுதான் கேள்வி. ஆட்டுகிறவரிடம் அவர் போடும் கடலையை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அன்று ராத்திரி வரை டீவி ஓட ஓட நான்கு பேரும் முறத்தைச் சுற்றி உட்கார்ந்து கடலை பொறுக்கினோம். இரண்டு மூட்டையில் ஆறு கிலோவுக்குமேல் ஒதுங்கியது. மாட்டுக்குப் போடலாம் என்றார் அம்மா. கூடாது என்றேன், மாடு தின்றால் நஞ்சின் ஒரு பங்கு பாலில் நமக்கே திரும்பி வரும். குழி தோண்டிப் புதைத்தோம். அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. ஆறு கிலோ கடலை என்றால் என்ன விலை என்று கணக்குப் போட்டபடியே இருந்தார். வாயில் போட்டுக் கசந்தால் மென்று விழுங்காமல் துப்பிவிடு என்பதை மட்டும் அவர் பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தார், தான் கண்டுபிடித்ததுபோல.

ஹாட்பாக்ஸை நான் பரணில் தூக்கிப் போட்டிருந்தேன். போன மார்கழியில் ஒருநாள் விடிகாலை சமையல்கட்டுக்குப் போனால் அது மேடைமேல் உட்கார்ந்திருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது.

"இத ஏம்மா திரும்ப எடுத்த?"

அம்மா பதில் சொல்லாமல் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு டம்ளர் வெந்நீர், ஆறிப்போயிருந்தது. பக்கத்தில் தூக்குவாளியில் இட்லி மாவு, விளிம்பு வரை பொங்கி, மேலே குமிழ் குமிழாக. மூன்று நாளாகக் குளிரில் மாவு புளிக்கவே இல்லை என்று அவர் புலம்பிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

"கிருமி வளக்கிற பெட்டின்னு நீதானடா சொன்ன?" என்றார்.